தென்கிழக்கு மூலையை நான் மறைத்த கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் சாதனைகளை எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. நானும் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். உருப்படியாக நினைவுக்கு வந்தது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சேகோ ஆலையில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், நான் மூக்குடைபட்டதுதான். அதையே எழுதிவிடுகிறேன். சாதனை வேண்டுமென்றால் மேலாளரிடம் கேளுங்கள், அவரிடம் நிறைய இருக்கிறது.

அலுவலகத்தில் எனக்குக் 'கத்தரி' என்று பெயர். எந்த ஆன்டெனாவின் வரைபடத்தை என் மேசையில் வைத்தாலும், வைத்தவர் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் அதில் பாதியை வெட்டியிருப்பேன். இது எதற்கு, அது எதற்கு, இரண்டையும் ஒன்றாகக் கட்டு. எடை குறையும், சூடு குறையும், பழுதாவதற்கு ஆளும் குறையும். இந்தப் புத்தி வீட்டிலும் விடவில்லை. வீடு கட்டும்போது இரண்டு விளக்குக்கு ஒரு சுவிட்ச் போதும் என்று எலக்ட்ரீஷியனிடம் சண்டை போட்டு ஜெயித்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் விளக்குப் போட்டால் குளியலறையிலும் எரியும். விருந்தாளிகள் வந்தால் என் மனைவி இதை முதலிலேயே சொல்லிவிடுவாள், என் பெயரோடு சேர்த்து.

இதை மற்ற பிரிவுக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் நம் தொழிலை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஒரு பலகையில் சின்னச் சின்ன ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அலையை அனுப்பினால் கதிர் நேராகப் போகும். ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதைவிடத் துளி தாமதமாக அனுப்பினால் கதிர் ஒரு பக்கமாகச் சாயும். வரிசையாக நடக்கிறவர்கள் ஒருவரைவிட ஒருவர் அரை அடி பிந்தி எட்டு வைத்தால் வரிசையே திரும்புகிறதல்லவா, அப்படித்தான். பலகை அசையாது, கதிர் மட்டும் திரும்பும். அந்தத் துளித் தாமதத்தைக் கொடுக்கிற பாகத்துக்கு ஃபேஸ் ஷிஃப்டர் என்று பெயர். முறைப்படி ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் ஒன்று வேண்டும். நான் இரண்டிரண்டாகக் கட்டி, ஜோடிக்கு ஒன்று என்று ஆக்கினேன். பாதி பாகம் மிச்சம்.

சும்மா மிச்சமாகிவிடாது. ஜோடியாகக் கட்டினால் கதிரை அதிகம் திருப்பக்கூடாது. பத்து, பன்னிரண்டு டிகிரி வரை சரி. அதற்கு மேல் திருப்பினால் மறுபக்கம் இன்னொரு கதிர் கிளம்பும். புத்தகத்தில் அதற்கு கிரேட்டிங் லோப் என்று பெயர், நான் கள்ளக் கதிர் என்பேன். முப்பது டிகிரி இடப்பக்கம் திருப்பினால் முப்பது டிகிரி வலப்பக்கம் கள்ளக் கதிர் அசலுக்குச் சமமான பலத்தோடு நிற்கும். எந்தக் கதிர் மோதி எதிரொலி வந்தது என்று கருவிக்குத் தெரியாது, எல்லாவற்றையும் அசல் பக்கத்திலேயே காட்டிவிடும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். 'பன்னிரண்டுக்கு மேல் திருப்பக்கூடாது' என்று வடிவமைப்புக் குறிப்பில் எழுதியவனே நான்தான்.

இப்போது ஆலைக்கு வருகிறேன். நாங்கள் செய்தது சின்ன மழை ரேடார். ஊருக்கெல்லாம் வானிலை சொல்கிற பெரிய கருவி இல்லை, ஒரு களத்துக்கு மட்டும் மழை சொல்வது. சேகோ ஆலைகளுக்கு அது உயிர். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, தொட்டியில் தெளியவைத்து, அடியில் தங்கும் மாவை வெட்டி எடுத்து சிமெண்டுக் களத்தில் வெயிலில் பரப்புவார்கள். பரப்பிய மாவில் மழை விழுந்தால் மாவு புளித்து நிறம் மாறிவிடும். அப்புறம் அதை எந்த வியாபாரியும் வெள்ளை மாவு என்று வாங்க மாட்டான்.

அந்த ஆலையை நடத்தியவர் தனலட்சுமி. நாற்பது வயதிருக்கும். அப்பா காலத்து ஆலை. அண்ணன் கைவிட்டு நாலு வருடம் பூட்டிக் கிடந்ததை இவர் திறந்து ஓட்ட ஆரம்பித்த முதல் சீசன் அது. சுற்றியிருந்த விவசாயிகள் பாதிப் பேர் நம்பியும் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கவுமாகக் கிழங்கு கொண்டுவந்தார்கள். ஒரு களம் கெட்டது என்று பேச்சுக் கிளம்பினால் போதும், டிராக்டர்கள் அடுத்த ஆலைக்குத் திரும்பிவிடும், கதவை மறுபடி பூட்ட வேண்டியதுதான். இதை அவரே முதல் நாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, சோதனைக்காக எங்கள் கருவியைத் தன் கிடங்குக் கூரையில் வைக்க இடமும் கொடுத்தார்.

நான் போனதும் கம்பாஸை எடுத்துத் தெற்குப் பார்த்துப் பலகையைப் பொருத்தி, நட்டு போல்ட்டெல்லாம் முறுக்கிவிட்டேன். மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. நானும் சங்ககிரிப் பக்கம் பிறந்தவன்தான். பெங்களூரில் இருந்து இருந்து, ஊரைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்கிற பழக்கம் போய்விட்டது.

தனலட்சுமி திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்ணா, இது தெக்காலதான் பாக்குமா? எங்களுக்கு மழை எப்பவும் அந்தத் தென்கெழக்கு மூலையிலிருந்துதானுங்க ஏறி வரும்."

நானும் பக்கத்து ஊர்க்காரன் என்று தெரிந்த அன்றிலிருந்து அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டார். தங்கச்சி கேட்டு அண்ணன் முடியாதென்பதா?

"திரும்புமுங்க அம்மிணி. இதுல என்ன இருக்குது" என்றேன்.

நேர்மையாகச் செய்வதென்றால், ஸ்பேனரை எடுத்துப் பலகையையே தென்கிழக்காகத் திருப்பியிருக்க வேண்டும். அரை நாள் வேலை, வெயிலில் கூரைமேல். நான் நிழலில் உட்கார்ந்து மடிக்கணினியில் பன்னிரண்டு என்றிருந்ததை முப்பது என்று மாற்றினேன். அரை நிமிட வேலை. என் கையால் எழுதிய குறிப்பு அந்த அரை நிமிடத்தில் என் நினைவுக்கே வரவில்லை. தனலட்சுமி ஆச்சரியப்பட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கள மேஸ்திரி மாரப்பன் மணிக்கொரு தடவை தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி, கிடங்குக்கு அந்தப்பக்கம் வானத்தைப் பார்த்துவிட்டு இறங்குவார். கீழே களத்திலிருந்து பார்த்தால் கிடங்குச் சுவர் தென்கிழக்கை மறைத்துவிடும். அவரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

"இனிமே நீங்க ஏணி ஏற வேண்டாமுங்க மாரப்பா. அந்த வேலைய இது பாத்துக்கும்."

மறுநாளே மழை வந்தது. திரையில்தான். தென்கிழக்கு மூலையில் சிவப்பாக ஒரு திட்டு, மணி அடித்தது. முப்பது பெண்கள் ஓடிவந்து மாவைக் கூட்டி அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். வானம் நீலமாக இருந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு மறுபடி பரப்பினார்கள். பிற்பகலில் மறுபடி மணி. அதற்கு மறுநாளும் மணி. ஒவ்வொரு தடவையும் மாவு காய வேண்டிய வெயில் வீணானது.

மூன்றாவது தடவை தார்ப்பாயை உருவிக்கொண்டே மாரப்பன் சொன்னார். "உங்க மழைக்கு வெக்கம் சாஸ்திங்க சார். அந்த மூலையிலயே நின்னுக்கிட்டு எட்டிப் பாக்குது, கிட்ட வர மாட்டீங்குது."

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையைப் பார்த்தேன். நகராத மழை. அதே தூரத்தில் வலப்பக்கம் தென்மேற்கே இன்னொரு திட்டும் இருந்தது. அது திருச்செங்கோட்டு மலை. மலையென்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தோம். இடப்பக்கம் இருந்ததும் அதே மலைதான், கள்ளக் கதிர் வழியாக வந்த எதிரொலி. நிற்பதையும் நகர்வதையும் பிரித்துப் பார்க்கிற வசதி மட்டும் இருந்திருந்தால் கருவியே அதைத் தள்ளியிருக்கும். அந்த வசதியை அதிகப்படி என்று வெட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பழைய தலைவருக்குப் போன் போட்டேன். அப்போதே ஓய்வு பெற்றிருந்தவர், வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். சங்கதியைச் சொன்னேன்.

"எவ்வளவு திருப்பின?"

"முப்பது சார்."



"ரெண்டு ரெண்டா கட்டிட்டு முப்பதா? பலகையக் கழட்டித் திருப்பு. அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லு."

நல்ல யோசனைதான். ஆனால் மறுநாள் காலையில் சுற்றுவட்டார ஆலைக்காரர்கள் இருபது பேர் கருவியைப் பார்க்க வருவதாக இருந்தது. தனலட்சுமிதான் கூப்பிட்டிருந்தார். அவர்கள் முன்னால் ஸ்பேனரோடு கூரையில் நிற்பதா? 'கத்தரி' கணக்கில் தப்புப் பண்ணிவிட்டான் என்று நானே சொல்வதா? 

காலையில் அவர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது மடிக்கணினியைத் திறந்து, தென்கிழக்கு மூலையில் எது வந்தாலும் காட்டாதே என்று ஒரு வரி எழுதினேன். திட்டை மட்டும் மறைத்திருக்கலாம். ஓரங்களில் சிவப்பு எட்டிப் பார்த்ததால் அந்த மூலையையே மொத்தமாக மறைத்தேன். திரை வெள்ளையானது. எங்கள் திரையில் வெள்ளை என்றால் மழை இல்லை என்று அர்த்தம். பார்க்கவே இல்லை என்பதற்குத் தனி நிறம் நாங்கள் வைக்கவில்லை, ஏனென்றால் நிறங்களையும் நான் குறைத்திருந்தேன்.

அன்று பூராவும் கருவி சத்தமில்லாமல் இருந்தது. வானத்திலும் ஒன்றுமில்லை. ஆலைக்காரர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஒன்றுமே செய்யாததற்காக இவ்வளவு பாராட்டு வாங்கிய கருவி உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கும். தனலட்சுமிக்கு முகமெல்லாம் பூரிப்பு. எல்லோரும் போன பிறகு அவரிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார். சாப்பிடும்போது எதற்கு என்று விட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றேன். நாளைக்கும் நாளைக்கு என்றேன்.

மூலையை மறைத்த நாலாம் நாள் பிற்பகல் மூன்று மணி. களம் முழுக்க மாவு, நாளைக்கு மூட்டை பிடிக்கலாம் என்கிற பதத்தில். நான் அலுவலக அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரை வெள்ளையாக இருந்தது. என் பேச்சைக் கேட்டு மாரப்பனும் ஏணி ஏறவில்லை. காற்று திடீரென்று குளிர்ந்தது. வெளியே வந்து பார்த்தேன். கிடங்குச் சுவருக்கு மேலே கருப்பாக ஒன்று எழும்பி நின்றது. யாரோ கத்தினார்கள். முதல் பெண் விளக்குமாறை எடுப்பதற்குள் பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்துவிட்டது. தனலட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு ஓடிவந்து கையாலேயே மாவை வாரினார். நானும் வாரினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை, அவ்வளவு உபயோகமில்லாமலும் செய்ததில்லை. கால்வாசிக் களம் தப்பியது. மிச்சம் பாலாக ஓடியதும் சேறாக நின்றதுமாகப் போனது.

மழை விட்டதும் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "மெசினும் ஏமாந்துருச்சாட்ட இருக்குது, பாவம்" என்று ஒரு அம்மா சொன்னார். தனலட்சுமியும், "மழைய யாருங்ணா சொல்ல முடியும்? நீங்க மனசு வருத்தப்படாதீங்க" என்றார். தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். முப்பத்தைந்து வருட சர்வீஸ்.

மறுநாள் வெயில் அடித்தது. நனைந்ததில் மீட்க முடிந்ததைக் களத்தின் ஓரத்தில் காயவைத்து, காயக் காய மூட்டை பிடித்தார்கள். லேசாகப் பழுப்பேறி, புளித்த வாடை வந்தது. மாரப்பன் தயங்கித் தயங்கி முதலாளியம்மாவிடம் வந்தார்.

"நல்ல மூட்டைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாக் கலந்துட்டா யாருக்குந் தெரியாதுங்க. மொத சீசனு, பேர் கெட்டுப் போயிருமுங்க."

 தனலட்சுமி அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது, அவருக்காகவும் பயமாக இருந்தது. என்ன இழக்கப் போகிறார் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"வேண்டா மாரப்பா" என்றார். "தனியா அடுக்கு. ஒவ்வொரு மூட்டையிலயும் நனஞ்சதுன்னு பெருசா எழுதோணும். வியாபாரிக்கு நானே போன் பண்றன். கெழங்கு போடறவங்களுக்கும் நானே சொல்லிப்புடறன். அடுத்தவன் சொல்லித் தெரிஞ்சா எவன் நம்புவான்?"

மாரப்பன் கருப்பு மையும் பிரஷ்ஷும் எடுத்துவந்தார். அவர் ஒவ்வொரு மூட்டையாக எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது மூட்டைக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தனலட்சுமி வியாபாரியிடமும், மூன்று நான்கு விவசாயிகளிடமும் ஒளிவுமறைவில்லாமல் பேசி முடிக்கிறவரை காத்திருந்தேன். அப்புறம் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது டிகிரி, கள்ளக் கதிர், மலை, நான் எழுதிய அந்த ஒரு வரி, எதையும் விடவில்லை. மெசின் ஏமாறவில்லை, நான்தான் அதன் கண்ணைக் கட்டினேன் என்றேன்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்த மூலை தெரியாதுன்னு நாலு நாளு முன்னாடி உங்களுக்குத் தெரியுமுங்களா சார்?"

அண்ணா போய்விட்டது. சார் ஆகிவிட்டேன். இத்தனை வருடத்தில் எந்த மேலதிகாரி திட்டியதும் எனக்கு அவ்வளவு வலித்ததில்லை.

"தெரியுமுங்க."

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னங்க?"

 என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேன் என்பதை, முதல் சீசனில் தன் பேரைப் பணயம் வைத்து நாலு போன் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.

இவ்வளவு தூரம் படித்த நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆட்சேபணை இல்லை. ஒன்று மட்டும் கேளுங்கள். வெட்டுங்கள், நிறைய வெட்டுங்கள். ஜோடியாகக் கட்டுவது தப்பில்லை, அந்த ஆலைக்குப் பாதி ஃபேஸ் ஷிஃப்டர் உண்மையிலேயே போதும். பிற்பாடு நம் கருவியில் ஒன்றும் இரண்டும் மூன்றுமாகக் கலந்து, ஒழுங்கில்லாமல் கட்டிப் பார்த்தோம். கள்ளக் கதிர் ஒரே இடத்தில் நிற்காமல் சிதறிப் பலமிழந்தது. அதெல்லாம் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கிற வரைபடத்தில் இருக்கிறது. வெட்டியதால் எதை இழந்தோம் என்பதை நம் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதாது. கருவியை நம்பி மாவைப் பரப்புகிறவருக்குச் சொல்ல வேண்டும்.

தனலட்சுமியிடம் உண்மையைச் சொன்ன அன்றே மதியம் ஸ்பேனரோடு கூரையில் ஏறினேன். வெயிலில் அரை நாள் ஆனது, முன்பே கணக்குப் போட்டது போலவே. பலகையைத் தென்கிழக்காகத் திருப்பி, முப்பதை மறுபடி பன்னிரண்டாக்கி, அந்த ஒரு வரியை அழித்துவிட்டு இறங்கினேன். கருவியைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். மறுநாள் காலையில் வேலை தொடங்குவதற்கு முன் தனலட்சுமி களத்துப் பெண்களையெல்லாம் கூட்டி நிறுத்தினார். எனக்கு நேராகக் கையைக் காட்டினார்.

"எங்கிட்டச் சொன்னத இவங்ககிட்டயும் சொல்லுங்க சார். மாவு அள்ளறது அவங்கதான்."

முப்பது பேர் முன்னால் நின்றேன்.  மாநாடுகளில் கட்டுரை படித்தவன்தான், ஆனால் அந்தக் களத்தில் அதெல்லாம் உதவவில்லை.

"இது இந்த ஒரு மூலைய மட்டுந்தானுங்க பாக்கும்" என்றேன். "மத்த பக்கம் மழை வந்தா இதுக்குத் தெரியாது. முன்னாடி இந்த மூலையவும் நானே மறச்சுப்போட்டு உங்ககிட்டச் சொல்லல. அதனாலதான் உங்க மாவு நனஞ்சுது."

 முன்வரிசையில் விளக்குமாறோடு நின்ற ஒரு அம்மா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அவ்வளவுதானுங்களா சார்? மத்த பக்கத்த நாங்க பாத்துக்க மாட்டமா?"

சொல்லிவிட்டு அவர் மாவைப் பரப்பப் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள்.